தூங்கும் இளவரசிக்கு மூச்சு விடுகிறவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் போன் செய்யாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா டப்பிங் கலைஞர். ஒரு பழைய கார்ட்டூன் படத்தில் இளவரசிக்குக் குரல் கொடுத்தவள். அதே படத்துக்கு இப்போது மறுபடி டப்பிங், வசனம் நான். "இளவரசிக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு பாத்தாச்சு. உங்க அக்காவுக்குச் சூனியக்காரி. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க" என்றார் ஸ்டுடியோ மேனேஜர். ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வசனம் வரவில்லை.

2

இளவரசியைப் பற்றி என் அபிப்பிராயம்: சுத்தச் சோம்பேறி. பாடுகிறாள், விரலில் ஊசி குத்துகிறது, படுத்துவிடுகிறாள். கோட்டை, மந்திரம், கூச்சல் எல்லா வேலையும் சூனியக்காரி தலையில். ஆனால் போஸ்டரில் இருப்பது தூங்குகிறவள் மட்டும். [இதையே அக்காவுக்கு ஆறுதலாகச் சொல்லலாமா? வேண்டாம், அடி விழும்.]

சின்ன வயதில் எனக்கு இளவரசியை ரொம்பப் பிடிக்கும். அக்காவின் குரல் என்னைத் திட்டாத ஒரே இடம் அந்தப் படம்தான்.

3

செய்தியைக் கேட்டதும் அக்காவின் கண்கள் குளமாக, ஜன்னலோரம் போய் நின்று —

(அடித்துவிட்டேன். அவள் ஜன்னலோரம் துணி காய்கிறது. நிற்க இடமில்லை.)

அக்கா பெருந்தன்மையாகச் சிரித்து —

(இப்படி ஓர் அக்காவை எனக்குத் தெரியாது.)

4

வேறு வழியில்லாமல் போன் செய்தேன்.

"அக்கா, இந்தத் தடவ நீ சூனியக்காரி. இளவரசிக்கு ஒரு சின்னப் பொண்ணு."

அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அதான் நான் கூப்பிட்டா எடுக்கலையா?"

"ம்."

"கஷ்டமாத்தான்டா இருக்கு" என்றாள். பிறகு, "சரி, அந்தப் பொண்ணுக்குத் தூங்குற மூச்சு வருமா?"*

* தூக்கத்துக்கும் குரல் வேண்டும். மூச்சு கேட்காவிட்டால் இளவரசி செத்துப்போனாள் என்று குழந்தைகள் அழத் தொடங்கிவிடும்.

5

ரெக்கார்டிங் அன்று பார்த்தால், வரவில்லை. அந்தப் பெண் அழகாகப் பேசினாள். தூங்கச் சொன்னால் மாடிப்படி ஏறியவள்போல மூச்சு வாங்கினாள்.

சாபம் கொடுத்து முடித்த அக்கா மைக்கை விட்டு நகரவில்லை. "படத்த ஓட விடுங்க" என்றாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. திரையைப் பார்த்தபடி மூச்சு விட்டாள். எனக்கு அந்த மூச்சு தெரியும். இருட்டுக்குப் பயந்த வயதில், பக்கத்துப் படுக்கையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கிப்போவேன்.

"இத எங்க கத்துக்கிட்ட?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"உன்கிட்டதான். நான் தூங்குற மாதிரி நடிச்சாத்தானே நீ தூங்குவ? நீ தூங்குற வரைக்கும் நான் எங்கடா தூங்கினேன்?"

சோம்பேறி என்று மேலே எழுதியதை அடிக்கலாம். இருக்கட்டும், என் புத்தி தெரியட்டும்.

6

இப்போது இரண்டு மூச்சுகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு இளவரசிக்கு இரண்டு குரல் கூடாது என்கிறார் மேனேஜர். எதை வைப்பார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

படம் வந்ததும் உங்கள் வீட்டுக் குழந்தையைக் கூட்டிப் போங்கள். இளவரசி தூங்கும் இடத்தில் அதுவும் கூடவே தூங்கிப்போனால், எந்த மூச்சு என்று உங்களுக்கே புரியும். டிக்கெட் வீணாகிறதே என்று தட்டி எழுப்பிவிடாதீர்கள்.