பாரம் போடத் தெரியாதவள்

அன்றைக்கு ஆறாவது தடவையாக அவள் விரிப்பில் வந்து விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. பக்கத்தில் காவலுக்கு நின்ற கணவர் வழக்கம்போல் தோளைப் பிடித்துத் திருப்பி, பதமாக இறக்கிவிட்டார். அடிபட்டிருந்தால்கூடத் தேவலை, கத்துவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

"பரவாயில்ல விடு," என்றார் கணவர்.

"இன்னொரு தடவ பரவாயில்லன்னு சொன்னீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் மேலே நீட்டிக்கொண்டிருந்த நாத்தனார், காலை இறக்காமலே வாதத்தை ஆரம்பித்தாள். "அண்ணி, இந்த தடவ தப்பு என் மேல இல்ல. நான் காலை மாத்துறதுக்கு முன்னாடியே நீங்க திரும்பிட்டீங்க."

"உன் வலது கால் ஒரு உதை உதைச்சுதே, அது யார் வீட்டுக் காலு?"

"நீங்க திரும்பினதாலதான் அது உதைச்சுது."

இந்த வழக்கு நான்கு மாதமாக நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடில்லை.

ஜோடியாகச் செய்யும் யோகா அது. கீழே படுத்துக் காலால் தாங்குகிறவர் பேஸ். மேலே போகிறவர் ஃப்ளையர். இந்த ஜோடியில் நாத்தனார் பேஸ், அவள் ஃப்ளையர். ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக நன்றாகவே வந்தது. போட்டோ எடுத்து மாட்டினால் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த மூன்று நான்கு விநாடிதான் மானத்தை வாங்கியது. ஒரு வெட்டு, ஒரு குலுக்கல், பிறகு விரிப்பு. "நீங்க ரெண்டு பேரும் மாறல மேடம், தாவுறீங்க," என்று மாஸ்டர் சலித்துக்கொண்டார். அவருக்கு இருபத்தெட்டு வயது. சலித்துக்கொள்வதில் மட்டும் அறுபது.

உயிரை எடுத்தது ஒரே ஒரு பயிற்சி. நாத்தனாரின் இரண்டு பாதங்களில் இடுப்பை வைத்து, தலை தொங்க, கை தொங்க, காய்ந்த துணி மாதிரி மடிந்து கிடக்க வேண்டும். நாத்தனார் ஒரு பாதத்தை எடுத்து இடுப்பின் வேறு பக்கம் வைப்பாள். உடம்பு கால்வாசி வட்டம் திரும்பும். பிறகு மற்றப் பாதம். நான்கு மாற்றத்தில் ஒரு முழுச் சுற்று. இதற்கு வகுப்பில் வாஷிங் மெஷின் என்று பெயர். மேலே இருப்பவருக்கு அதில் வேலையே கிடையாது. உடம்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடந்தால் போதும். அந்தச் சும்மா கிடப்பதுதான் அவளுக்கு வரவில்லை.

கணவருக்குத் தொழிலே வாஷிங் மெஷின் ரிப்பேர். "இருபது வருஷமா பாக்குறேன். எந்த மெஷின்லயும் துணி தானா சுத்தி நான் பாத்ததில்ல," என்றார் ஒரு நாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அன்று சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதாயிற்று.

அவள் ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர். பதினான்கு வருடம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து மறுபடி கட்டிலுக்கு என்று நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிக்கொண்டிருப்பாள். அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரைத் தூக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. பாவம் இந்தப் பெண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்று எக்குத்தப்பாக எக்கி எழுகிறாரே ஒரு நல்ல மனுஷர், அவர்தான் முதுகை ஒடிப்பார். "ஐயா, பாரத்த என் மேல போடுங்க. நீங்களா எழுந்திருக்கப் பாக்காதீங்க," என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வாள்.

"அந்த நல்ல மனுஷரே நீங்கதான் அண்ணி," என்று நாத்தனார் இரண்டாவது மாதமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். உண்மைதான். அவளும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டு என்ன பயன்? மேலே போனதும் நாத்தனாரின் பாதம் இலேசாக அசைந்தால் போதும். இடுப்பு தானாக எக்கிக்கொள்ளும், கை தரையைத் தேடும், வயிறு கல்லாகும். காரணம் தெரிந்தால் குணமாகும் என்று எவர் சொன்னாரோ, அவரை அவள் வார்டுக்கு ஒரு வாரம் அனுப்பிப் பார்க்கலாம்.

நாத்தனார் பக்கமும் கோளாறு இருந்தது. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தப்பாக ஒரு அங்குலம் அசைந்தால், மூளைக்குச் சேதி போவதற்குள் வலது கால் பிரேக்கை அமுக்கியாக வேண்டும். ஒன்பது வருடத்துப் பழக்கம். ஆக, அண்ணி மேலே எக்குவாள், நாத்தனாரின் வலது கால் கீழே பிரேக் போடும். விபத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணைக்கு ஆள் வேண்டுமென்று நாத்தனார்தான் அவளை முதலில் இழுத்துப் போனாள். அவளது தோளைப் பார்த்ததுமே மாஸ்டர், "மேடம், நீங்க பேஸ்தான், சந்தேகமே இல்ல," என்றார். மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கும் மாட்டேன் என்றே சொன்னாள். அன்று, இருப்பதிலேயே சுலபமான ஒரு நிலையில், பத்து விநாடி நாத்தனாரின் காலில் தொங்கினாள். தன் பாரம் மொத்தமும் இன்னொருவருடைய எலும்பில் இறங்கியதை அந்தப் பத்து விநாடியில் உணர்ந்தாள். கல்யாணமான பிறகு, ஏன், அதற்கு முன்பும், அப்படி ஒன்று அவளுக்கு நடந்ததில்லை. பதினோராவது விநாடியில் பயந்துபோய் எக்கி விழுந்தாள். அந்தப் பத்து விநாடியை முழுசாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் நான்கு மாதமாக வருகிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அதற்கும் முடிவு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மாஸ்டர் எல்லா ஜோடிகளையும் சோதிப்பார். நடுவில் நிற்காமல் இரண்டு சுற்று செய்கிறவர்களுக்கு இதேபோல் ஞாயிறு சாயங்காலங்களிலேயே அடுத்த கட்ட வகுப்பு. செய்யாதவர்கள் வார நாள் காலையில் புது ஆட்களோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வார நாள் காலையில் அவளுக்கு வார்டு. அடுத்த ஞாயிறு விழுந்தால் அத்தோடு சரி.

ஆறாவது விழுகைக்குப் பிறகு மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு தடவ மாத்திப் பாக்கலாம். நீங்க கீழ, அவங்க மேல."

"வேணாம்."

"ஒரே தடவ."

படுத்தாள். காலைத் தூக்கினாள். நாத்தனார் வந்து விழுந்தாள், கூடத்துச் சோபாவில் விழுவது போல. கீழே இருந்தவளின் கால்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாதம் மாறியது, உடம்பு திரும்பியது, மறு பாதம் மாறியது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதைச் சும்மா உபரியாகச் சுற்றினாள். கூடத்தில் மற்ற ஜோடிகள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

இறங்கிய நாத்தனாரின் முகம் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. "அண்ணி, இது இவ்வளவு சுகமா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"பாத்தீங்களா? நீங்க பிறவி பேஸ் மேடம்," என்றார் மாஸ்டர்.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான். நான்கு மாதம் தவம் கிடந்தும் தனக்குக் கிடைக்கவில்லை. வந்து விழுந்த முதல் தடவையிலேயே இவளுக்குக் கிடைத்துவிட்டது. அதையும் தன் காலாலேயே கொடுத்திருக்கிறாள்.

திரும்பும்போது கணவர் ஒரு வீட்டில் தண்ணீர் ஒழுகும் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். நாத்தனாரின் டிரைவிங் ஸ்கூல் காரில் இருவர் மட்டும். கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்து இருக்கையில் அவள்.

"அப்ப அடுத்த வாரம் மாத்தியே செஞ்சிடலாம்ல அண்ணி? ஊதித் தள்ளிடலாம்," என்றாள் நாத்தனார்.

"நீ செய். நான் வரல."

"எதுக்கு இவ்வளவு கோபம்? பாஸ் ஆகணும்னு நீங்கதான துடிச்சீங்க?"

"தூக்கத் தெரியும்னு எனக்கே தெரியும்டி. காலையில ஆறு மணியிலருந்து தூக்கிட்டுதான் இருக்கேன். வீட்டுக்கு வந்தா உங்கண்ணன் மெஷின் ஸ்பேரத் தூக்குறேன். ஞாயித்துக்கிழமையும் வந்து உன்னைத் தூக்கணுமா? என்னை ஒருத்தர் தூக்கணும்னுதான் நான் அங்க வர்றேன்." சொன்ன பிறகுதான் குரல் உடைந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

நாத்தனார் சிக்னலில் நிறுத்தினாள். "அண்ணி, காலை அந்தப் பிரேக்லருந்து எடுங்க. பிரேக் தேயுது."

எடுத்தாள்.

பச்சை விழுந்து, பின்னால் ஹார்ன் அடித்து, வண்டி நகர்ந்த பிறகு நாத்தனார் பேசினாள். "மேல இருந்தப்ப என் கால் பிரேக்கைத் தேடவே இல்ல. ஒன்பது வருஷத்துல முத தடவ. எனக்கும் இப்ப அதுல ஆசை வந்திடுச்சு, பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்ச தூரம் போய், அரை மனதோடு சொன்னாள்: "சரி, ஞாயித்துக்கிழம நீங்கதான் மேல. விழுந்தா விழுவோம். என்ன, மானம்தான போகும்."

அந்த வாரம் மூன்று நாள் வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுப் பழகினார்கள். மூன்று நாளும் விழுந்தார்கள். ஒரு நாள் டீப்பாயும் சேர்ந்து விழுந்தது. கணவர் மட்டும் கெட்டிக்காரராகிவிட்டார். பரவாயில்ல என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடிந்து ஞாயிறு காலை கிளம்பும்போது, மாற்று ஆள் வரவில்லை. சிஸ்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஆக, இரண்டு டியூட்டி ஒட்டி, பதினாறு மணி நேரம். வார்டில் அன்றுதான் அட்மிட் ஆகியிருந்த ஒரு நல்ல மனுஷர் வேறு. உதவி செய்தே அவளைக் கொன்றுவிட்டார். மதியம் கடந்து வெளியே வந்தவள், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து நேராக வகுப்புக்கே போய், செருப்பு வைக்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு. மாஸ்டர்கிட்ட சொல்லி வேற நாள் கேக்கட்டுமா?" என்றார் சாயங்காலம் அங்கே வந்து சேர்ந்த கணவர்.

"வேற நாள் கிடையாது."

அவர்கள் முறை கடைசியில் வந்தது. மற்ற ஜோடிகள் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி பார்த்தார்கள். நாத்தனார் படுத்தாள். கணவர் கையை விரித்து நின்றார். நாத்தனாரின் பாதங்கள் இடுப்பில் பொருந்தின, தரை விலகியது, தலை தொங்கியது. கண்ணுக்கு எதிரே தலைகீழாக நாத்தனாரின் முகம். அதில் ஒரு சொட்டு வியர்வை.

"மூச்சை விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

விட்டாள்.

அடுத்து அவள் பார்த்தது மேலே சுழலும் மின்விசிறியை. விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். விழுந்துவிட்டோம் என்று நினைத்தாள். அதுவும் எடுத்த எடுப்பிலேயே.

"மாஸ்டர், ஒரே ஒரு தடவ," என்று அவசரமாக எழுந்து உட்கார்ந்தாள். "இப்ப நான் ரெடி. இன்னொரு தடவ பாருங்க."

"இன்னொரு தடவ எதுக்கு மேடம்?" மாஸ்டர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு சுத்து. ஒரு இடத்துல நிக்கல, ஒரு இடத்துல வெட்டல. இத இத்தன நாளா எங்க வெச்சிருந்தீங்க?" சுவரோரம் எல்லாரும் கை தட்டினார்கள்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து காதருகே, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "முத திருப்பம் வர்றதுக்குள்ள குறட்டை. நான் பயந்துட்டேன். நிறுத்தலாம்னு கையக் கொண்டு வந்தேன், இவ கண்ணாலயே வேணாம்னுட்டா."

முழு இரண்டு சுற்று. எட்டு மாற்றம். நான்கு மாதமாகக் கேட்டது கையில் வந்து, மடியில் உட்கார்ந்து, போயும்விட்டது. ஒரு விநாடிகூட அவளுக்கு நினைவில்லை. வந்ததே ஆத்திரம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டு தாளை மடித்தார்.

நாத்தனார் இன்னும் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிப் போட்டபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

நாத்தனார் தலையை மட்டும் திருப்பினாள்.

"எழுப்பினா நீங்க உதவிக்கு வந்துடுவீங்களே, அண்ணி."