மிஞ்சிய ஒரு லேபிள்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. லேபிள் அச்சிடும் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்று, அதன் புதுமைகளைப் புகழ்ந்து நாலு பக்கம் கேட்டது. பார்த்துவிட்டு எழுதலாமே என்று, அதை வாங்கவிருந்த ரசாயனத் தொழிற்சாலைக்குப் போனேன். (போகாமலிருந்தால் புகழ்ச்சி இன்னும் நன்றாக வந்திருக்கும்.) அங்கே கேட்டதுதான் இது.

2.
'நீல டிரம்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் விதியை நோக்கி...' வேண்டாம். டிரம்முக்கு என்ன விதி?

மறுபடியும். அங்கே சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளரைத் 'தாழ்ப்பாள்' என்பார்கள். அவள் தலையசைக்காமல் ஒரு லாரியும் வாசலைத் தாண்டாது. மெஷினை விற்க வந்தவன் அவளுடைய கொழுந்தன். (நான் செய்த ஜோடனை இல்லை. எட்டு மாதமாக ஒரு மெஷினும் விற்காதவன் சொந்தக்காரர்களைத்தானே பிடிப்பான்?) இதுவும் போனால் அவன் வேலையும் போகும்.

3.
வெள்ளோட்ட நாள். நாற்பது டிரம்கள். சிலவற்றில் சலவைக்கூடத்துக்கான சோப்புக் கரைசல், சிலவற்றில் அமிலம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்; மூடியிலுள்ள சின்னக் குறியைக் குனிந்து பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். கணினியில் பட்டியலை வரிசையாக ஏற்றிவிட்டால் போதும், மெஷினே அச்சிட்டு டிரம்மில் ஒட்டிவிடும். முதலாளி வாய் பிளந்து நின்றார். கொழுந்தன் அவர் காதருகே மூச்சுவிடாமல் பேசினான்.

பாதியில் ஒரு டிரம்மின் மூடி தளர்ந்திருப்பதைக் கண்ட தாழ்ப்பாள், லேபிள் ஒட்டுமுன் அதை வரிசையிலிருந்து இறக்கி ஓரமாக வைக்கச் சொன்னாள்.

கடைசி டிரம்மும் லாரியில் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். மெஷின் மட்டும் இன்னொரு லேபிளை நீட்டிக்கொண்டு நின்றது.

அவள் ஓரத்திலிருந்த டிரம்மைத் திரும்பிப் பார்த்தாள். ஓரம் வைத்த டிரம் மெஷினுக்குத் தெரியாது. அதன் லேபிள் அடுத்த டிரம்முக்குப் போய், அங்கிருந்து எல்லாமே ஒன்று தள்ளி ஒட்டியிருக்கிறது. சோப்பென்று நம்பி யாரோ அமிலத்தில் கையை விடப்போகிறார்கள்.

"அண்ணி, அது சோதனை லேபிள். விடுங்க," என்றான் கொழுந்தன் மெதுவாக. அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது.

(அவள் தயங்கவேயில்லை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அவளே அடித்துவிடச் சொன்னாள். "தயங்கினேங்க. மாமியார் முகம்தான் முதல்ல ஞாபகம் வந்துச்சு.")

பிறகு போய் லாரிக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாத்தையும் இறக்குங்க."

4.
முதலாளி கேட்டது ஒன்றே ஒன்று: யார் தப்பு?

டிரம்மை எடுத்தால் மெஷினுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லித்தந்திருக்க வேண்டியவன் அவன். எடுத்தது நான்தான் என்று தானே முந்திக்கொண்டதாக அவள் சொல்கிறாள். சொல்லித்தராதது நான்தான் என்று தானே முந்தியதாக அவன் சத்தியம் செய்கிறான். முதலாளியையே கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினாங்க. ஒண்ணும் விளங்கல."

உரிக்கவே வராத பசை, அந்த மெஷினின் இன்னொரு புதுமை. அண்ணியும் கொழுந்தனும் மூடியிலிருந்த குறியைப் பார்த்துப் பார்த்து, மாலை வரை கத்தியால் சுரண்டினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து. கடைசி டிரம்மை அவன் அவள் பக்கம் உருட்டியபோது அவள் சிரித்துவிட்டாளாம். ஏன் என்று 

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

5.
முதலாளி மெஷினை வாங்கினாரா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொழுந்தனுக்கு வேலை போகிற மாதிரி முடித்தால், அதைத் தாழ்ப்பாளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் வரமாட்டேன்.