சலூன்காரரின் மறு கன்னம்

கறிக்கடைக்காரரின் இடது கை ஒரு சனிக்கிழமை காலை, கடைத்தெருவே பார்த்துக்கொண்டிருக்க, மேலே போனது. அது முழுசாகக் கீழே வர ஒன்பது வருடம் ஆயிற்று. காரணம் எதிர்க்கடைச் சலூன்காரரின் வலது கன்னம்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருவரும் அந்நியர்கள் அல்ல. கறிக்கடைக்காரரின் தங்கையைத்தான் சலூன்காரர் கட்டியிருந்தார்.

அதற்கு முந்தைய ஞாயிறு, விசுவாசத்தைச் சர்ச்சுச் சட்டையோடு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள், திங்கட்கிழமை வேலைக்கும் எடுத்துப் போங்கள் என்று போதகர் பிரசங்கம் செய்திருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். சலூன்காரர் ஒருவர்தான் அதைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் கடையில் பொய் இல்லை என்று முடிவெடுத்து, முன்வழுக்கை விழுந்தவர்களிடம் “அப்படி ஒண்ணும் கொட்டலையே சார்” என்று சொல்வதை நிறுத்தினார். அதிலேயே நல்ல வாடிக்கையாளர்கள் சிலர் போய்விட்டார்கள். அந்தச் சனிக்கிழமை ஒருவர் நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்து, எதிர்க்கடையில் வாங்கும் கறி அடுப்பில் வைத்தால் பாதியாகிவிடுகிறதே என்று அலுத்துக்கொண்டார். சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே சொன்னார்: “அடுப்புல குறையல சார். எங்க மச்சான் இடது கை கட்டைவிரலையும் தராசுல வெச்சுத்தான் நிறுப்பாரு.”

வாடிக்கையாளர் நுரையோடு எழுந்து போய் எதிர்க்கடையில் கத்தினார். கறிக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்; “என் சோத்துல மண்ணைப் போடுறியா?” என்று கேட்டு வலது கையால் சலூன்காரரின் இடது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். வலிகூடப் பெரிதில்லை. நுரை காய்ந்த முகத்தோடு அந்த வாடிக்கையாளர் “ஐயோ பாவம்” என்றாரே, அதுதான் சலூன்காரருக்குச் சுட்டது. கையில் விரித்த கத்தி இருந்தது. அதை மடக்கிப் பையில் போட்டார். முகத்தை இடப்பக்கம் திருப்பி வலது கன்னத்தைக் காட்டினார். “இதையும் அடிங்க மச்சான்” என்றார். “திமிரைப் பாரு” என்று கறிக்கடைக்காரர் இடது கையை ஓங்கினார். ஓங்கிய கை அங்கேயே நின்றது. அடிக்கவும் இறங்கவில்லை, சும்மாவும் இறங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் கோளாறில்லை என்றார்கள். கடைப்பையன்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தொங்கினார்கள். அவர்கள் கால்தான் தரையை விட்டு எழும்பியது. ஒற்றைக் கையால் கறி வெட்டுவது லேசில்லை. துண்டு ஒருபக்கம் ஓடும், கத்தி ஒருபக்கம் போகும். சலூன்காரர் இதையெல்லாம் வாசலில் நின்று, திருப்பிய முகத்தைத் திருப்பியபடியே, கடைக்கண்ணால் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தார். ஜெபத்தில் நன்றிகூடச் சொன்னார்.

ஒரு மத்தியானம் அவர் கடைப் பெஞ்சில் அசந்துபோய், வலது கன்னம் துண்டில் பதியப் படுத்துத் தூங்கிவிட்டார். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்த அவர் மனைவி, கறிக்கடைக்காரரின் கை மெல்ல இறங்குவதைப் பார்த்தாள். அவர் விழித்து எழுந்ததும் கை மறுபடி ஏறியதையும் பார்த்தாள். சந்தோஷம் தாங்காமல் ஓடி வந்தாள். “ஏங்க, உங்க கன்னம் மறைஞ்சா எங்கண்ணன் கை இறங்கிடுதுங்க!” என்றாள். அவள் சொல்லியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து சலூன்காரர் இடப்பக்கமாக மட்டுமே படுத்தார். குளிரில் போர்வையைக்கூடக் கன்னத்துக்கு ஏற்றுவதில்லை. ஒரு தடவை பல்வலியில் அந்தப் பக்கம் வீங்கியபோதும் கை வைத்துப் பொத்தவில்லை.

முதலில் அவரைப் பொறுமைக்கு உதாரணமாகப் பிரசங்கத்தில் சொன்ன போதகரே மூன்றாம் வருடம் சலூனுக்கு வந்து, போதும், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். சலூன்காரர் கண்ணாடியில் தெரிந்த போதகரைப் பார்த்துச் சொன்னார்: “மறு கன்னத்தைக் காட்டச் சொல்லித்தான் வேதத்துல இருக்கு. எப்ப எடுக்கணும்னு இல்லையே ஐயா.” போதகர் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தார். இல்லைதான்.

கழுத்து அப்படியே இறுகிவிட்டது. இடது சுவரில் இன்னொரு கண்ணாடி மாட்டி, அதைப் பார்த்தே முடி வெட்டினார். மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள்தான் இடப்பக்கம் வந்து நிற்க வேண்டும். முதல் சில வருடம் வந்து நின்றாள். “முகத்தை நேரா வைங்களேன், எனக்காக” என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். வந்து நிற்பதையும் விட்டாள். சலூன்காரருக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் எதிர்க்கடையில் ஓங்கிய கையைப் பார்த்ததும் உறுத்தல் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் அவர் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. தராசை அழுத்திய கட்டைவிரல் மேலே போய்விட்டதால் கறிக்கடையில் எடை சரியாக இருந்தது, கூட்டம் சேர்ந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அடியும் தெரியாது, கன்னமும் தெரியாது. சர்ச்சில் எந்நேரமும் கை உயர்த்தித் துதிக்கும் மனிதராகத்தான் அவரைத் தெரியும். பிரசங்கத்திலும் இறக்குவதில்லை, அறிவிப்பிலும் இறக்குவதில்லை, என்ன பக்தி என்றார்கள். குழந்தைகளுக்காக ஜெபிக்கச் சொல்லி அவரிடம் தூக்கிப் போனார்கள். ஒன்பதாம் வருடம் அவரைச் சபை மூப்பராக்கப் பேச்சு எழுந்தது.

சலூன்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒன்பது வருடம் கழுத்தொடிய நின்று, இந்த ஆளைப் பரிசுத்தவானாக்கவா பாடுபட்டோம்? அன்று மனைவியைக் கூப்பிட்டு, “கழுத்தை நேராக்கி விடு” என்றார். கை இறங்கட்டும், துதியும் பக்தியும் அம்போவென்று போகட்டும் என்பதுதான் கணக்கு. அவளுக்கு அது எப்படித் தெரியும்? மன்னித்துவிட்டார் என்று நினைத்து அழுதாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, நாள் முழுக்க நீவி, மெல்லத் திருப்பினாள். முகம் நேரானபோது அவள் எதிரே நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. “எப்ப இவ்வளவு நரைச்சுது?” என்று கேட்டார். “நீங்க அந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தப்போ” என்றாள்.

எதிர்க்கடையில் கை இறங்கியது. கறிக்கடைக்காரர் ஓடி வந்து இரண்டு கையாலும் சலூன்காரரைக் கட்டிக்கொண்டு தேம்பினார். தெருவே கண் கலங்கியது. மூப்பர் பதவி கைவிட்டுப் போகும் என்று பார்த்தால், அது இப்போது உறுதியே ஆகிவிட்டது. சனிக்கிழமை கறிக்கடைக்காரர் ஒன்பது வருடத்தில் முதல் முறையாகச் சலூன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “நாளைக்குச் சபையில சாட்சி சொல்றேன் மாப்ள. உங்க நல்ல மனசைப் பத்தித்தான். மொழுமொழுன்னு வழிச்சு விடுங்க.”

நல்ல மனசு! சலூன்காரர் நுரை போட்டார். இடது கன்னத்தை வழித்தார். பிறகு, தினமும் எத்தனையோ பேரிடம் சொல்வதுபோல, “அந்தப் பக்கம் காட்டுங்க” என்றார். கறிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் சலூன்காரருக்குள் ஒன்பது வருடமும் சேர்ந்து எழுந்தது. ஒரு கீறல். நாளைக்குச் சாட்சி சொல்லும்போது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கீறல். கத்தியைப் பிடித்த வலது கையை உயர்த்தினார். கை அங்கேயே நின்றது.

இழுத்துப் பார்த்தார். மேலே விட்டத்தைப் பார்த்தார். அண்ணனோடு கடைக்கு வந்திருந்த மனைவியைப் பார்த்தார். கறிக்கடைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, கண்ணாடியில் கத்தியையும் கையையும் நிதானமாகப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இருக்குமா?

“மச்சான்” என்றார் சலூன்காரர். “முகத்தை நேரா வைங்க மச்சான்.”

“எப்ப எடுக்கணும்னு வேதத்துல இல்லையே மாப்ள” என்று சொல்லிவிட்டுக் கறிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கணவனின் விரல்களிலிருந்து கத்தியை எடுத்தாள். அண்ணனின் மிச்சக் கன்னத்தை ஒரு கீறலும் இல்லாமல் வழித்து முடித்தாள். அன்றிலிருந்து சலூன் அவள் கையில்தான். தொழில் சுத்தம் என்று பெயர். கறிக்கடைக்காரர் எதிரே கழுத்தைத் திருப்பிக்கொண்டு எடை போடுகிறார், எடை சரியாகவே இருக்கிறது. சலூன்காரர் வாசலோரம் கை தூக்கியபடி நிற்கிறார். ஈரத் துண்டுகளை அவள் அந்தக் கையில்தான் உலர்த்துகிறாள். வெயில் நன்றாக விழும் இடம், சீக்கிரம் காய்ந்துவிடும்.