அன்னத்தின் மூக்கும் மயில்வாகனத்தின் மவுஸும்

பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் மயில்வாகனத்துக்குத் தன் கைவேலையில் ஒரு தலைக்கனம் உண்டு. வீட்டு மிக்ஸியை அவர்தான் ரிப்பேர் செய்தார். அது இப்போது பரணில் இருக்கிறது.

அன்று மவுஸின் இடது பட்டன் தேய்ந்துபோய், ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது. முதல் அழுத்தில் டிசைனின் ஒரு கட்டம் நிரம்பும், அடுத்ததில் அழியும். பார்டர் அன்னத்துக்கு மூக்கு நிற்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் டிசைன் முடியாவிட்டால் நெசவாளி தர்மனின் தறி நாளைக்குச் சும்மா கிடக்கும்.

“புதுசு ஒண்ணு வாங்கிக்கினு வாங்களேன்,” என்றாள் மனைவி ஜெயப்ரியா.

“எதுக்குமா? உள்ள ரெண்டு ஸ்விட்ச் இருக்குது. வலது பக்கத்தை எவன் அழுத்துறான்? அது புதுசாவே இருக்கும். ரெண்டையும் இடம் மாத்தினா தீந்துது.”

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஈயத்தை உருக்கி இரண்டு ஸ்விட்சையும் பிடுங்கினார். துளைகளைச் சுத்தம் செய்ய மவுஸின் சர்க்யூட் பலகையைக் கவிழ்த்தார். அங்கேதான் இருபது வருட அனுபவம் குறுக்கே வந்தது. தர்மன் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். இடதை வலதாகத் திருப்பி நினைத்தே பழகிய தலை இவருடையது. கவிழ்த்தால் எல்லாம் மாறும், நமக்குத் தெரியாததா என்று சிரித்துக்கொண்டு, மாற்றியதை மனசுக்குள் இன்னொரு தரம் மாற்றிப் பற்ற வைத்தார். விரலில் இரண்டு சூடு.

மூன்று மணிக்கு அழுத்திப் பார்த்தார். மூக்கு வந்தது, போனது. தேய்ந்த ஸ்விட்சைத் தேய்ந்த இடத்திலேயே பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த லட்சணத்தில் ஊருக்கு டிசைன் போடுகிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் நவுருங்க.” ஜெயப்ரியா உட்கார்ந்து, கம்ப்யூட்டர் செட்டிங்கில் ஒன்றை மாற்றினாள். “இனிமே வலது பட்டன்தான் இடது. நடுவிரலால அழுத்துங்க.”

அன்னத்துக்கு மூக்கு வந்தது. வந்தது நின்றது. ஐந்தரைக்குத் தர்மன் டிசைனை வாங்கிக்கொண்டு போனான்.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

“வலது பட்டன் புதுசா இருக்கும்னு நீங்க சொன்னப்பவே தெரியும்.”

“சொல்றதுக்கு என்னமா?”

“தர்மன் வர்றதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் உங்க மூஞ்சில ஒரு களை வந்துது பாருங்க, கெடுக்க மனசு வரல. மிக்ஸிய கழட்டும்போதும் இப்படித்தான் இருந்தீங்க.”