திரைக்குப் பின்னால் இரண்டாம் தரம்

1

இந்தக் கதை ஒரு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. 2005, புரட்டாதி மாதம், ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். எங்கள் பகுதியில் வாக்கெடுப்பு. ஏலாத ஆட்களைப் பகலில் வைத்துப் பார்க்கும் நிலையத்துக்குத் தொடர்ந்து காசு கொடுப்பதா? ஓம் என்றால் நிலையம் இருக்கும். இல்லை என்றால் மூடிவிட்டு, அந்தக் காசில் நீச்சல் குளத்தைத் திருத்துவார்கள்.

(சனத்தைக் கேட்டுத்தான் செய்தோம் என்று பிறகு சொல்வதற்காகக் கேட்கிறார்கள். இது கதைக்குத் தேவையில்லை. வெட்ட மாட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "வானம் சாம்பல் நிறமாக..." விட்டுவிட்டேன். ஒஸ்லோவில் வேறு என்ன நிறமாக இருக்கும்?

அடுத்தது: "இரத்தினவேல் நேர்மையான மனிதர், அவர்..." எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தது இவ்வளவுதான். இரத்தினவேல் என் வயதுக்காரர். கதவு திறக்க முதலே வந்து நின்றார். பிந்தினால் தன் வோட்டை வேறு யாரோ போட்டுவிடுவார்கள் என்ற பயம். அவருக்குப் பின்னால் மரியரஞ்சனி. அவள் புருசன் செபஸ்ரியனுக்குப் பாரிசவாதம். அவரை அந்த நிலையத்தில் விட்டால்தான் அவள் வேலைக்குப் போகலாம். அன்றைக்கு அவர் வெளியே காரில் இருந்தார். அவளுக்குப் பின்னால் நான்.

"இதுக்கு என்னத்துக்கு ஒரு நிலையம்? வீட்டிலை பாக்க ஆளில்லையோ?" என்றார் இரத்தினவேல், ஒருவரையும் பார்க்காமல்.

"நீங்கள் வந்து பாருங்கோவன், அண்ணை. விடியவே வாங்கோ. ஆளைத் தூக்கி இருத்தோணும், கழுவோணும். நான் வேலைக்குப் போட்டு வாறன்."

"எனக்கு நாரிப் பிடிப்பு, பிள்ளை. குனிஞ்சு நிமிர ஏலாது."

"அப்ப உங்களுக்கும் அங்கை ஒரு கதிரை போடச் சொல்லுறன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

3

திரைக்குப் பின்னாலிருந்து வந்த இரத்தினவேல், முத்திரை குத்தும் பெண்ணுக்கு முன்னால் வாக்குச்சீட்டை விரித்துப் பிடித்தார். பிறகு எங்கள் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கொள்ளுங்கோ. இது நான் போட்டது. பேந்து ஆரும் மாத்தக்கூடாது."

இல்லை என்பதில் புள்ளடி.

"வடிவாத் தெரியுது, அண்ணை," என்றாள் மரியரஞ்சனி.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஊரில் ஒருதரம் இவர் போக முதலே இவருடைய வோட்டை யாரோ போட்டுவிட்டார்கள். அன்றையிலிருந்து மடித்த கடதாசியை நம்பமாட்டார். நானும்தான்.)

காட்டிய சீட்டு செல்லாது என்றாள் அந்தப் பெண். புதுச் சீட்டு கொடுத்து, மடித்துக்கொண்டு வரச் சொன்னாள். மனிதர் திரும்பவும் உள்ளே போனார். திரைக்குக் கீழே சப்பாத்து மட்டும் தெரிந்தது. அசையவேயில்லை. வரிசை முணுமுணுத்தது. கடைசியில் மடித்த சீட்டோடு வந்து, முத்திரை வாங்கி, பெட்டிக்குள் போட்டார்.

4

முடிவு ஒன்று: மனம் மாறி ஓம் போட்டார். வாசகருக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கையில்லை.

முடிவு இரண்டு: திரும்பவும் இல்லை. நம்பலாம். ஆனால் ஒரு புள்ளடிக்கு அவ்வளவு நேரமா?

முடிவு மூன்று: ஒன்றும் போடாமல் வெறும்... சே, இது எழுத்தாளர்மாரின் புத்தி.

(நான் என்ன போட்டேனா? அது உங்கள் வேலையில்லை.)

வெளியே மழை. மரியரஞ்சனி காரை வாசலுக்குக் கொண்டுவந்தாள். "ஏறுங்கோ அண்ணை, நனையாதேங்கோ." என்னையும் ஏற்றினாள். இரத்தினவேல் பின் சீற்றில், செபஸ்ரியனுக்குப் பக்கத்தில். வளைவில் செபஸ்ரியன் அவர்மேல் சாய்ந்தார். அவர் நிமிர்த்தி இருத்தினார். அடுத்த வளைவிலும்.

என்ன போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்களே அவரைக் கேளுங்கள். கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். செபஸ்ரியனுக்குக் கைகால்தான் ஏலாது. காது நன்றாகக் கேட்கும்.