காதுக்குப் பிடிபடாத ஆள்

கிடார்க்காரரை எல்லோரும் காது என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. சம்பளக் கவரில் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். ஜாஸ் கிடாரில் எந்த ஒலிப்பதிவைப் போட்டாலும், மூச்சு விடுவதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார். பிளெக்ட்ரம் வில்லை இல்லாமல் கட்டைவிரலால் மீட்டி, ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனால் வெஸ் மான்ட்கோமரி. ஒற்றை ஆளாக உட்கார்ந்து பேஸ், பாட்டு, பக்கவாத்தியம் மூன்றையும் தானே பார்த்துக்கொண்டால் ஜோ பாஸ். நாலு ஸ்வரம் போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தை நம்மிடம் விட்டுவிட்டால் ஜிம் ஹால். இந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது?

அத்தனை பேரையும் போல வாசிக்கவும் செய்வார். தன் வாசிப்பின் பதிவை மட்டும் கேட்க மாட்டார். இளவயதில் ஒரே ஒரு தடவை கேட்டாராம். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பதுபோல இருந்ததாம். அதோடு சரி. யாராவது ரெக்கார்டரைக் கையில் எடுத்துவிட்டால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார்.

குழுவில் மூன்றே பேர். ஆளுயர டபுள் பேஸ் வாசிக்கிற அக்காதான் தலைவி. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர். டிரம்ஸ் வாசிப்பது காதின் மனைவியுடைய தம்பி; பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் வாசிப்பார்கள். அங்கே கிடாருக்கென்று போடுகிற நாற்காலி ஒன்றுதான் காதுக்கு உலகத்தில் ஆசைப்பட்டுக் கிடைத்த இடம். வேலை, வீடு எல்லாம் தானாக வந்து சேர்ந்தவை.

இந்த லட்சணத்தில் இடது கை மோதிர விரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் சொடுக்கென்று வலிக்கும். ஸ்பானரும் கிடாரும் பங்கு போட்டுக் கெடுத்த விரல். டாக்டரிடம் போவதற்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைச் சுண்டுவிரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு மேடையேறினார். மீதி இரண்டு விரல். ஜாங்கோ ரைன்ஹார்ட் தீ விபத்தில் அதே இரண்டு விரல்களும் முடங்கிப்போய் மற்ற இரண்டால் பறந்து பறந்து வாசிக்கவில்லையா? வாசித்தார்தான். இவரால் பறக்க முடியவில்லை. மானம் கப்பலேறிவிட்டது என்று முடிவு கட்டி, கடைசிப் பாட்டு முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

டாக்டர் விரலில் ஊசி போட்டு, "நான் சொல்ற வரைக்கும் கிடாரத் தொடவே கூடாது" என்றார்.

கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்குமா? ஒருநாள் மாலை, தன் ஆம்ப்ளிஃபயரையாவது துடைத்து வைத்துவிட்டு வரலாம் என்று ஒத்திகை அறைக்குக் கிளம்பினார். ஒரு மரச்சாமான் கடையின் பின்பக்கம் இருக்கிறது அந்த அறை. பிளாஸ்டிக் உறை போட்ட சோபாக்களைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவில் கை வைக்கப் போனவர் அப்படியே நின்றார். உள்ளே அக்காவின் பேஸ். மைத்துனனின் பிரஷ், டிரம்ஸ் தட்டில் உரசுகிற சத்தம். கூடவே ஒரு கிடார்.

ஆள் போட்டுவிட்டார்கள்!

பக்கத்து சோபாவில் உட்கார்ந்தார். சரி, எவன் வந்திருக்கிறான் என்று காதைக் கொடுத்தார். பிளெக்ட்ரம் இல்லை, கட்டைவிரல். அப்படியானால் மான்ட்கோமரி வழி வந்தவன். ஆனால் அந்த இரட்டை ஸ்வரம் ஒன்றுகூட வரவில்லையே. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நடக்காமல் தாவுகிறான், ஜாங்கோ பள்ளியா? ஆனால் வேகமே இல்லை. நடுநடுவே நிறுத்துகிறான், ஜிம் ஹாலா? அவருடைய நிறுத்தத்தில் ஒரு நிதானம் இருக்கும். இவன் நிறுத்துவது, வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. ஒரு தப்புகூடச் செய்தான். அந்தத் தப்பை விட்டு ஓடாமல், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு முடியப்போகிற இடத்தில், "சார், இந்த மாடல் எடுத்துக்கிறீங்களா? பழுப்பு நிறத்துலயும் இருக்கு" என்றார் கடை ஊழியர். காது எழுந்து, ஆம்ப்ளிஃபயரைத் துடைக்காமலே வெளியேறினார்.

"எனக்குப் பதிலா ஆள் போட்டுட்டாங்க" என்றார் மனைவியிடம்.

"யாரு?"

"அதான் தெரியல."

மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கா தெரியல?"

"கிண்டல் பண்ணாத. கேட்டேன், முழுசாக் கேட்டேன். யார் மாதிரியும் இல்ல. யார் மாதிரியும் இல்லாம ஒருத்தன் எப்படி வாசிப்பான்?"

"தம்பிகிட்டயே கேட்டுட்டாப் போச்சு" என்று போனை எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏன்டா, மாமா இடத்துல புதுசா யாரையாவது கூட்டிட்டு வந்துருக்கீங்களா?"

மைத்துனன் பதறினான். "இல்லையே. எதுக்குக் கேக்குற? மாமா எதையாவது கேட்டாரா? எப்பக் கேட்டாரு? ஐயோ, வேன்ல பசங்க கத்துறாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வேனில் என்ன பிள்ளைகள்? பொய் சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை.

அதன் பிறகு காதுக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. வீட்டிலிருந்த ஒலிப்பதிவுகளையெல்லாம் எடுத்துக் கேட்டார். சார்லி கிறிஸ்டியன் ஒற்றை வரியாக, ஊதுகுழல் மாதிரி வாசித்துக்கொண்டு போவார், அவரில்லை. மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார், யாருமில்லை. லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எந்த மாடிக்கு வந்தோம் என்பதை மறந்தார். முதலில் அந்த ஆள்மேல் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக அதுவும் குழம்பிவிட்டது. அந்தத் தப்பும் அதன் பக்கத்தில் உட்கார்ந்த விதமும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. குளிக்கும்போது வாயில் வந்தன. தன் சீட்டைக் கிழித்தவனின் பாட்டை முணுமுணுக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல்பட்டார்.

டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே வாசிக்கலாம்" என்று சொன்ன அன்று, காது நேராக ஒத்திகை அறைக்குப் போனார். அக்காவும் மைத்துனனும் மட்டும்தான் இருந்தார்கள். அறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, நான் கோவிச்சுக்கல. வெளிய நின்னு கேட்டேன். அவரையே வச்சுக்கோங்க."

"யார?"

"மறைக்காதீங்க. இத்தன வருஷமா நான் யார் யாரையோ மாதிரி வாசிச்சுட்டேன். அந்த ஆளுக்கு என் கைல இருக்கிறதுல பாதிகூடக் கிடையாது. ஆனா அவர் வாசிக்கிறதக் கேட்டா, எனக்கு... எனக்குச் சொல்லத் தெரியல. பொறாமையாவும் இருக்கு, நல்லாவும் இருக்கு. அவர் பேர மட்டும் சொல்லிடுங்க, போயிடுறேன்."

அக்கா மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் தரையைப் பார்த்தான்.

"போடுடா" என்றார் அக்கா.

ரெக்கார்டர் ஓடியது. அதே பேஸ், அதே பிரஷ், அதே கட்டைவிரல். வழக்கம்போல எழுந்து ஓடவேண்டும் என்றுகூடக் காதுக்குத் தோன்றவில்லை. இது அடுத்தவர் வாசிப்புதானே. அந்தத் தப்பு வந்தது. சோபாவில் கேட்காமல் விட்ட கடைசிப் பகுதியும் வந்தது. கைதட்டல் கேட்டது. அது அடங்கியதும் ஒரு குரல், மைக்குக்கு ரொம்பக் கிட்டே, கரகரப்பாக:

"விரல் சரியில்லைங்க. இன்னைக்கு ஒழுங்கா வாசிக்க முடியல. மன்னிச்சிருங்க."

தன் குரலைக் காதுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. முதல் பாட்டிலேயே பிளெக்ட்ரம் கைநழுவி டிரம்ஸுக்கு அடியில் போனதும், எல்லோர் முன்னாலும் குனிந்து தேட வெட்கப்பட்டுக் கட்டைவிரலாலேயே ஒப்பேற்றியதும் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டார், மறுபடி வந்தது.

"அன்னைக்கு ஓட்டல்ல உங்களுக்குத் தெரியாமப் பதிவு பண்ணிட்டேன். இத வெளியிடலாமான்னு ஒருத்தர் கேட்டுருக்காரு, மாமா" என்றான் மைத்துனன். "ரெக்கார்டரக் கண்டாலே கக்கூசுக்கு ஓடுற ஆளு நீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாங்களே போட்டுப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

"அப்ப இத்தன வருஷமா வாசிச்சது யாரு?" என்றார் காது. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளாஸ்திரி இருக்கா?" என்று கேட்டார்.

அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குணமான விரலைச் சுண்டுவிரலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு கிடாரை மடியில் வைத்தார். கட்டைவிரலால் மீட்டினார். தாவினார். நிறுத்தினார். ஞாபகமாக அந்தத் தப்பையும் செய்தார்.

அக்கா பேஸைத் தொடவே இல்லை. "காது, இது யாரு வாசிக்கிறது?" என்றார்.

காது யோசித்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அந்த ஆள மாதிரியே வாசிக்கப் பாக்குற ஒருத்தன்."

"அப்பப் பிரிச்சுப் போடு."

பிரித்தார். ஐந்து விரலும் சுகமாக அசைந்தன. அதுதான் பயமாக இருந்தது. "இப்ப நான் யார மாதிரி வாசிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றபடி அக்கா பேஸை நிமிர்த்தினார்.

மைத்துனன் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டு மாமாவைப் பார்த்தான். காது கழிப்பறைக் கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.