நாலு தப்படி

“கையெழுத்தெல்லாம் போட முடியாது” என்ற முத்துராஜ், பள்ளிக்கூடம் அனுப்பிய தாளை மடித்து இட்லித் தட்டுக்கு அண்டைக் கொடுத்தார். தட்டு ஆடாமல் நின்றது. வீடுதான் ஆடியது.

கறம்பக்குடிக்குப் பக்கத்து ஊர் அது. மகள் அன்புமொழி ஒன்பதாம் வகுப்பு. நாளை பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அறிவியல் பட்டறை. மண் காய்ந்தால் தானே ஓடும், நனைந்தால் தானே நிற்கும் ஒரு குட்டி மோட்டாரை அவரவர் கையாலேயே செய்ய வேண்டும். கையெழுத்துக்கு இன்றுதான் கடைசி நாள்.

“பேட்டரியில ஓடுறதுப்பா. தொட்டாலும் ஒண்ணும் செய்யாது.”

“ஒங்க அக்காவும் துணி எடுக்கத்தான் போனா. துணி என்னடி செய்யும்?”

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாள். குளியலறைக்குப் போன பல்பு வயர் தோல் உரிந்து, கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் உரசிக் கிடந்தது. மூத்தவள் இளமதி கம்பியைப் பிடித்தாள். கம்பி அவளைப் பிடித்துக்கொண்டது.

மறுநாளே கம்பியை அறுத்து எறிந்தாயிற்று. ஆனால் அம்மா கண்ணாத்தாள் இன்றைக்கும் துணி வாளியோடு அந்த இடத்தைக் கடக்கும்போது, இல்லாத கம்பிக்குத் தலை குனிந்துதான் போகிறாள்.

கரண்டுப் பெட்டியைப் பெண்கள் தொடக்கூடாது என்பது அந்தத் தெருவின் பழைய சட்டம். பீஸ் போனால் போதும், தெருவில் மீசை வைத்தவர் எல்லாம் இன்ஜினியர். பல்பு மாட்டும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற எதிர்வீட்டுக்காரன் எனக்கே அந்தப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். இளமதிக்குப் பிறகு முத்துராஜ் சட்டத்துக்குப் பூட்டும் போட்டார். சாவி அரைஞாண் கயிற்றில். குளித்தாலும் தூங்கினாலும் கழற்றமாட்டார். அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி எழுந்து அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் நெற்றியைச் சாய்த்து நிற்கிற அப்பனை என்னவென்று சொல்வது?

கண்ணாத்தாள் அடுப்படியிலிருந்து வந்து, தட்டைத் தூக்கித் தாளை எடுத்தாள்.

“இங்கிட்டுக் குடு. ஒரு பிள்ளையக் கரண்டுக்குக் குடுத்தது பத்தாதா?” என்றார் முத்துராஜ்.

“கரண்டுக்கா குடுத்தோம்?” அவள் குரல் உயரவில்லை. “அன்னைக்குப் பெட்டி எங்கிட்டருந்து நாலு தப்படி. நாலே நாலு. எதை அமுக்குறது, எதை இழுக்குறதுன்னு எனக்குத் தெரியல. பொம்பள தொடக்கூடாதுன்னீங்க, தொடல. ஒங்களத் தேடி முக்கத்து டீக்கடைக்கு ஓடுனேன். நீங்க கழட்டி வச்ச சட்டையப் போட்டுட்டு வந்தீங்க.”

முத்துராஜின் கை இடுப்பில் சாவியைத் தேடிப் பற்றிக்கொண்டது.

“ஆத்தாளும் மகளும் நாளைக்குப் போனீங்கன்னா, திரும்பி வாறப்ப வீடு பூட்டிக் கெடக்கும்.”

“எதை வச்சு?” என்றாள்.

அந்த வீட்டில் இருந்த ஒரே பூட்டு கரண்டுப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாத்தாள் சாம்பார் கறைக்குப் பக்கத்தில் எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, பிளெஸ்ஸி டீச்சர் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். “அம்மாமாருங்க சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க.”

எல்லா அம்மாக்களும் போனார்கள். கண்ணாத்தாள் போகவில்லை.

“டீச்சர், பிள்ளைக மோட்டார் செய்யட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. வீட்டுல கரண்டு மொத்தமா நிக்கணும்னா எதத் தொடணும்?”

டீச்சர் அவளைப் பார்த்தார். அந்த ஊரில் இளமதியைத் தெரியாதவர் யார்? வராந்தாவில் இருந்த மெயின் பெட்டிக்குக் கூட்டிப்போய், “ஈரக்கையா இல்லாமப் பாத்துக்கங்க. இந்தக் கைப்பிடிதான். கீழ இறக்குங்கம்மா” என்றார்.

கண்ணாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு இறக்கினாள்.

டக்.

உள்ளே மின்விசிறிகள் மெல்ல நின்றன. பிள்ளைகள் ‘ஏய்’ என்று கத்தினார்கள். அவள் கைப்பிடியை விடவில்லை.

“இம்புட்டுத்தானா டீச்சர்?”

“அவ்வளவுதாம்மா” என்றார் பிளெஸ்ஸி.

“இம்புட்டுத்தானா?”